பாலம் வர்றதுக்கு முன்னாடி

ஆன்செல் ஆடம்ஸ்னு சொன்னாலே கேமரா பைத்தியங்களுக்கு (அடியேனும் சேர்த்தி) யோசெமிட்டி மலைதான் ஞாபகம் வரும். கருப்பு வெள்ளையில செங்குத்தா நிக்கிற பாறை, பின்னாடி கன்னங்கரேல்னு வானம். ஆனா மனுஷன் வளர்ந்தது கடலோரத்துல. அவரைப் புரிஞ்சுக்க அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்ங்கிறது என் கட்சி. நானும் கடலோர ஊர்க்காரன், கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம்.

1902ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். ஊருக்கு மேற்கே மணல்மேடுகளுக்கு நடுவுல வீடு. ஜன்னல் வழியா பார்த்தா கோல்டன் கேட். இப்போ அந்தப் பேரைச் சொன்னா எல்லாருக்கும் பாலம்தான். அப்போ அது பசிபிக் கடல் விரிகுடாவுக்குள்ள நுழையற வாசல், அவ்வளவுதான்.

1906 பூகம்பத்தப்போ வயசு 4. முதல் ஆட்டத்துல தப்பிச்ச பையனை, பின்னாடி வந்த அதிர்வு தோட்டத்துச் சுவர்ல தூக்கி அடிச்சது. மூக்கு உடைஞ்சு கடைசிவரைக்கும் கோணலாவே இருந்தது. பள்ளிக்கூடமும் ஒத்து வரலை, ஒரு இடத்துல உட்கார முடியாத பிள்ளை. அப்பா என்ன செஞ்சார் தெரியுமா? பள்ளியை விட்டு நிறுத்திட்டு, 1915ல் ஊர்ல நடந்த உலகக் கண்காட்சிக்கு வருஷ பாஸ் வாங்கிக் கொடுத்தார். நம்ம வீடா இருந்தா டியூஷன்ல சேர்த்திருப்பாங்க :-)

மத்தபடி லோபோஸ் ஓடை, பேக்கர் கடற்கரை, மூடுபனி. நிமிஷத்துக்கு நிமிஷம் வெளிச்சம் மாறுற இடம் அது.

1916ல் குடும்பத்தோட யோசெமிட்டி போனப்போதான் கையில முதல் கேமரா, கோடாக் பாக்ஸ் பிரவுனி. 1927 ஏப்ரல்ல ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்னப்போ கையில மிச்சம் இருந்தது ரெண்டே கண்ணாடித் தகடு. மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒண்ணை எடுத்தார். மனசுல பட்ட வானம் அதுல வராதுன்னு அப்புறம்தான் உறைச்சிருக்கு. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டர். கன்ட்ரோல் இசட் கிடையாது! 'மோனோலித்' படம் அப்படி வந்ததுதான். பாறையை விட வானத்தைப் பத்தி அவ்வளவு கவலைப்பட்டது கடற்கரைப் பழக்கம்னு நான் நினைக்கிறேன்.

எனக்குப் பிடிச்சது இன்னொரு படம். 1932ல ஒரு காலை, மழை விட்ட நேரம். வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தா வடக்கே இருந்து மேகம் திரண்டு வருது. பெரிய கேமராவைத் தூக்கிட்டு 32ஆவது அவென்யூ முனைக்கு வண்டியில ஓடினார். படத்துல கீழே மெலிசா கரையும் தண்ணியும், மீதியெல்லாம் மேகம். சின்ன வயசுல தினம் பார்த்த அதே வாசல்.

பாலம் வரப்போறது அப்பவே ஊருக்குத் தெரியும். 1930லயே வாக்கெடுப்பு நடத்திப் பணத்துக்கு ஒப்புதல் வாங்கியாச்சு. 1933 ஜனவரியில வேலை ஆரம்பிச்சது, 1937 மே மாசம் திறந்தாங்க. அந்த முனையில நின்னு வாசலைப் பார்த்து இன்னிக்கு யார் படம் எடுத்தாலும் குறுக்கே பாலம் இருக்கும்.