இளவட்டக்கல்லும் கே.வி.ஐயரும்

இளவட்டக்கல் பார்த்திருக்கிறீர்களா? தென் மாவட்டத்துக் கிராமங்களில் கோயில் பக்கமோ மந்தையிலோ உருண்டையாக, வழவழவென்று ஒரு கல் கிடக்கும். பல ஊர்களில் இப்போது பாதி மண்ணுக்குள் புதைந்துவிட்டது. ஒரு காலத்தில் அதைத் தூக்கி, தோளுக்கு ஏற்றி, முதுகுக்குப் பின்னால் போட்டுக் காட்டியவனைத்தான் ஊர் 'இளவட்டம்' என்று ஒத்துக்கொள்ளும். அவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்ற பேச்சும் உண்டு.

சரி, ஒரு கேள்வி. இருபது வயதில் அந்தக் கல்லைத் தூக்கியவர், அறுபது வயதில் தன் பேரனைத் தூக்கினாரா? அதை எந்த ஊரும் கேட்டதில்லை. பலம் என்றால் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் காட்டுவது. அவ்வளவுதான் கணக்கு!

இந்தக் கணக்கை மாற்றிப் போட்டவர்களில் ஒருவர் பெங்களூர் கே.வி.ஐயர். இன்று ஜிம்முக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

சாண்டோ என்ற காய்ச்சல்

ஐயரின் கதைக்கு முன்னால் இன்னொருவரைப் பார்த்துவிட வேண்டும். யூஜின் சாண்டோ. 1867-ல் பிரஷ்யாவில் பிறந்து, லண்டனில் புகழ் பெற்ற பயில்வான். மேடையில் எடை தூக்கிக் காட்டியதோடு நிற்காமல், உடம்பின் அழகையே ஒரு காட்சியாக்கியவர். புத்தகம், பத்திரிகை, பயிற்சிக் கருவி என்று எல்லாவற்றையும் விற்றார். 1904-05-ல் இந்தியாவுக்கும் சுற்றுப்பயணம் வந்தார். அதற்குப் பிறகு இங்கே 'சாண்டோ' என்பது ஒரு மனிதரின் பெயராக இல்லாமல் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. நம்ம தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவருக்கு 'சாண்டோ' என்ற அடைமொழி வந்தது இப்படித்தான்.

இந்தக் காய்ச்சல் பிடித்த தலைமுறையில் வளர்ந்தவர்தான் ஐயர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் கோலார் பகுதியில் உள்ள தேவராயசமுத்திரத்தில் பிறந்தார். மேல்நாட்டு முறைகளைப் படித்து, டம்பெல்லும் பார்பெல்லும் தூக்கி, தன் உடம்பைத் தானே செதுக்கினார். பெங்களூரில் 'ஹெர்குலிஸ் ஜிம்னேசியம்' என்ற பயிற்சிக்கூடத்தை நடத்தினார். கிரேக்கச் சிலை போல நின்று அவர் எடுத்துக்கொண்ட படங்கள் மேல்நாட்டு உடற்பயிற்சிப் பத்திரிகைகளில் வெளிவந்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தன் உடம்பைப் பற்றி அவருக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்! அதைப் புத்தகத்திலும் கூச்சமில்லாமல் எழுதினார். அந்த வகையில் அவரும் இளவட்டக்கல் தூக்கியவர்தான்.

பாதை திரும்பிய இடம்

ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இது புரியும். 1927-ல் சீரான உடம்பின் அழகைப் பற்றி ஒரு புத்தகம். 1930-ல் 'மஸில் கல்ட்'. 1936-ல் 'பர்ஃபெக்ட் பிசிக்'. அடுத்த வருடமே, 1937-ல், சூரிய நமஸ்காரம் பற்றித் தனிப் புத்தகம். 1943-ல் உடற்பயிற்சியின்போது உடலுக்குள் நடக்கும் ரசாயன மாற்றங்களைப் பற்றி ஒரு புத்தகம். வெளித்தோற்றத்தில் தொடங்கியவர் மெல்ல மெல்ல உடம்புக்கு உள்ளே போயிருக்கிறார்.

'மஸில் கல்ட்' புத்தகத்திலேயே ஒரு ஆச்சரியம் இருக்கிறது. தான் தூக்கிய எடைகளையும், இழுத்த ஸ்பிரிங்குகளையும் விட ஹடயோகமே தன்னை உருவாக்கியதில் பெரிய பங்கு வகித்தது என்று அதில் அவர் குறிப்பிடுகிறார். ஒரு பாடிபில்டர் 1930-ல் எழுதியது இது!

பெங்களூரில் அவரோடு சேர்ந்து இயங்கியவர் யோகாசாரியர் சுந்தரம். 1928-ல் யோகாசனங்களைப் படங்களோடு விளக்கி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டவர். தமிழ் வாசகர்களுக்கு 'சுந்தர யோக சிகிச்சை' எழுதியவரும் இவரே. ஒருவர் தசை, இன்னொருவர் ஆசனம். இரண்டும் ஒரே உடம்புக்குத்தானே வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு ஐயருக்குக் கிடைத்தது. 1930-களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ஐயரின் மாணவர் ஒருவர் உடற்பயிற்சி வகுப்பு நடத்தினார். அதே அரண்மனையில் சில அடி தூரத்தில் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை. பி.கே.எஸ்.ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குருவான அதே கிருஷ்ணமாச்சாரியார்தான். இன்று ஜிம் வேறு, யோகா வேறு என்று இரண்டு கட்சியாகச் சண்டை போடுகிறோம். அன்று அவை பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

தபாலில் வந்த வாத்தியார்

ஐயரின் இன்னொரு வேலையும் கவனிக்க வேண்டியது. பெங்களூருக்கு வர முடியாதவர்களுக்குத் தபால் வழியாகப் பயிற்சி கொடுத்தார். பணம் கட்டினால் பாடம் வீட்டுக்கு வரும். இன்றைய 'ஆன்லைன் கோச்சிங்'குக்கு அதுதான் தாத்தா என்று சொல்லலாம்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மேடையில் எடை தூக்குபவருக்கு ஒரே ஒரு உடம்பு போதும், அவருடையது. டிக்கெட் வாங்கியவர் கைதட்டிவிட்டுப் போய்விடுவார். தபாலில் பாடம் விற்பவருக்கு அப்படி இல்லை. அவர் விற்பது மற்றவர்களுடைய உடம்பில் நடக்க வேண்டிய மாற்றத்தை. ஆபீஸ் போகிறவர், அஜீரணத்தில் அவதிப்படுகிறவர், நாற்பது வயதைத் தாண்டியவர் எல்லோரும் வாடிக்கையாளர்கள். அவர்களிடம் போய்க் கல்லைத் தூக்கு என்று சொல்ல முடியுமா?

வாழ்க்கையில் உடம்பு மட்டுமே எல்லாம் என்றும் ஐயர் இருந்துவிடவில்லை. கன்னட இலக்கியத்தில் அவருக்குத் தனி இடம் உண்டு. ஹொய்சள அரசியைப் பற்றிய 'சாந்தலா', 'ரூபதர்சி' போன்ற நாவல்களை எழுதியவர் இவரேதான். நாடகாசிரியர் டி.பி.கைலாசத்தின் நெருங்கிய நண்பர். காலையில் பயிற்சிக்கூடம், பிறகு எழுத்தும் நாடகமும். உடம்பைப் பலப்படுத்துவது எதற்கு என்ற கேள்விக்கு அவர் வாழ்ந்த விதமே பதில். எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்து 1980-ல் காலமானார்.

தேய்மானக் கணக்கு

இன்றைய மருத்துவம் என்ன சொல்கிறது? முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடுகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, வலுவோடு சமநிலைக்கான பயிற்சியும் சேர்த்து வாரம் மூன்று நாள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதே இல்லை. எந்த இயந்திரத்தை வாங்கினாலும் வருடா வருடம் தேய்மானம் எழுதுவோம். உடம்பும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம்: இந்த இயந்திரம் உபயோகிக்காமல் சும்மா வைத்தால்தான் வேகமாகத் தேயும்.

காரைக்குடிப் பக்கம் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மாதிரி மின்னும் சுவர் என்று கட்டிய செட்டிநாட்டு வீடுகள் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீட்டில் கூரை ஒழுகும், சுவரில் செடி முளைக்கும். தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற வீடு நூறு வருடம் ஆனாலும் நிற்கிறது. இரண்டையும் கட்டியது அதே கொத்தனார் கையாகக்கூட இருக்கலாம்.

கல்யாணத்துக்கு முந்தின மூணு மாதம் மட்டும் ஜிம்முக்குப் போகிறவர்கள், இந்த இரண்டில் தங்கள் உடம்பு எந்த வீடு என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளலாம்!