முதல் துளியும் முதல் படிகமும்

நீர் எந்த உஷ்ணநிலையில் உறைகிறது என்று பள்ளி மாணவர் ஒருவரைக் கேட்டால், பூஜ்ய டிகிரி சென்டிகிரேடு என்று தயங்காமல் விடை கூறுவார். தேர்வில் அந்த விடைக்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும் பூஜ்ய டிகிரியில் பனிக்கட்டி உருகும் என்பது எவ்வளவு உறுதியோ, அவ்வளவு உறுதியாக நீர் அங்கே உறையும் என்று சொல்வதற்கில்லை. தூசு தும்பு கலவாத நுண்ணிய நீர்த்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 38 டிகிரி வரையிலும் திரவமாகவே இருந்துவிடக்கூடும். உறைவதற்கு வேண்டிய குளிர் இருந்தும் நீர் ஏன் உறையாமல் நிற்கிறது? ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும் பொருள் அம்மாற்றத்தை எங்கே, எவ்வாறு தொடங்குகிறது? ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக விஞ்ஞானிகள் இக்கேள்வியோடு போராடிவந்த வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உஷ்ணமானியின் வாயிலாக நாம் யாவரும் பெயரறிந்த பாரன்ஹீட் என்பவரே இதில் முதலில் வருகிறார். அவர் 1721-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கண்ணாடிக் குமிழ் ஒன்றில் நீரை நிரப்பி, உள்ளிருந்த காற்றை நீக்கி, வாயை உருக்கி மூடினார். இரவு முழுவதும் அதைக் கடுங்குளிரில் வைத்துவிட்டு, விடியற்காலையில் சென்று பார்த்தார். நீர் நீராகவே இருந்தது. குமிழின் நுனியை உடைத்ததும் பனி ஊசிகள் நீரெங்கும் விரைந்து பரவின. காற்றில்லாமையே நீர் உறையாதிருந்ததற்குக் காரணம் என்று அவர் முதலில் கருதினார். ஆனால் பின்னொரு முறை, மூடியபடியே இருந்த பாத்திரம் குலுங்கிய மாத்திரத்தில் நீர் உறைந்துவிட்டது! காற்று காரணமன்று என்று தெளிந்ததே தவிர, காரணம் எது என்பது தெளியவில்லை. 1724-இல் லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் இச்செய்தி வெளியாயிற்று. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இத்தகைய செய்திகள் குவிந்தனவேயன்றி விளக்கம் பிறக்கவில்லை.

விளக்கத்தின் விதையை ஊன்றியவர் அமெரிக்கப் பேராசிரியர் வில்லார்டு கிப்ஸ். 1876 முதல் 1878 வரை, கனெக்டிகட் மாநிலத்து விஞ்ஞானக் கழகம் ஒன்றின் இதழில் அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதைப் படித்தவர் சிலர். புரிந்துகொண்டவர் அவர்களிலும் சிலர். அதில் அடங்கிய ஒரு கருத்தை எளிய கணக்கால் விளக்கிவிடலாம்.

பக்கத்துக்கு நான்கு மூலக்கூறுகள் கொண்ட கனசதுரம் ஒன்றை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் மொத்தம் 64 மூலக்கூறுகள். அவற்றுள் முற்றும் உள்ளே இருப்பவை எத்தனை? எட்டே எட்டுத்தான். எஞ்சிய 56-ம் மேற்பரப்பில் நிற்கின்றன. பக்கத்துக்கு நூறு என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சத்தில் மேற்பரப்பில் இருப்பவை 58,808 மட்டுமே. நூற்றுக்கு ஆறுகூட இல்லை. உள்ளே இருப்பவை புதிய நிலையின் முழுப் பயனையும் பெறுகின்றன. எல்லையில் நிற்பவையோ பழைய நிலையையும் சேராமல் புதிய நிலையையும் சேராமல் தவிக்கின்றன. எனவே ஒரு படிகம் மிகச் சிறியதாக இருக்கும்வரையில், அது வளர்வதில் வரவைவிடச் செலவே மிகுதி, தோன்றியவுடன் கரைந்துபோகும். தற்செயலாகப் பல மூலக்கூறுகள் ஒருங்கே கூடி, ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் மட்டுமே, பிறகு வளர்ச்சி தானே நடைபெறும். அந்த எல்லையளவில் நிற்கும் சிறு திரளையே நாம் கரு என்கிறோம்.

அயற்பொருள் ஒன்று தாங்கிக்கொண்டால் இந்தச் செலவு குறையும். கற்கண்டுக் கட்டியின் நடுவே நூல் அகப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். பாகு அந்த நூலைப் பற்றிக்கொண்டுதான் படிகமாகிறது. ஓடுகின்ற நீரில் கலந்த தூசும் பாத்திரத்தின் கீறலும் செய்வது இதே பணிதான்.

கிப்ஸ் கண்டது கருவின் விலை. அந்த விலையைக் கொடுத்து ஒரு விநாடியில் எத்தனை கருக்கள் பிறக்கும் என்ற கணக்கை 1926-இல் ஜெர்மனியில் வோல்மரும் வெபரும் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஃபார்க்காஷ் அதை வளர்த்தார். 1935-இல் பெக்கரும் டோரிங்கும் செப்பம் செய்தார்கள். பின்னர் ரஷ்யாவில் ஜெல்டோவிச் அதற்கு நிறைவான வடிவம் தந்தார். இதற்குள் 1934-இல் வோல்மரும் ஃப்ளூடும் ஆவிகளைத் திடீரென விரியச்செய்து பனித்துளி தோன்றும் எல்லையை அளந்தார்கள். நீராவியில் கணக்கும் சோதனையும் அழகாகப் பொருந்தின. மெதைல் ஆல்கஹாலில் பொருந்தவில்லை. பொருந்தியதை நூல்கள் விரிவாக எழுதின. பொருந்தாததை அவ்வளவு விரிவாக எழுதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் தத்துவத்தின் வலுவிழந்த இடம் எது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு கருவுக்கு, பெரிய திரவத்துக்குரிய மேற்பரப்பு இழுவிசையையே அது அளிக்கிறது. உள்ளே எட்டும் வெளியே 56-மாக உள்ள ஒரு திரளுக்கு உள் எது, மேற்பரப்பு எது? அதற்கும் மேலாக, அந்த இழுவிசையின் மூன்றாம் படி, பிறப்பு வேகத்தின் அடுக்குக்குறியில் போய் அமர்கிறது. ஆகவே அங்கே செய்யும் சிறு பிழை, விடையில் கோடி மடங்காகப் பெருகக்கூடும்.

சோதனைகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது டர்ன்புல் செய்தது. அமெரிக்காவில் ஸ்கெனக்டடி நகரத்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிச் சாலையில் அவர் பணியாற்றினார். 1946-இல் ஷேஃபர், அதிகமாகக் குளிர்ந்த மேகத்தில் உறைந்த கரியமில வாயுவைத் தூவிப் பனிப்படிகங்களை உண்டாக்கியதும் அங்கேதான். உருகிய உலோகத்தை உறைநிலைக்குக் கீழே சில டிகிரிகளுக்குமேல் குளிர்விக்க இயலாது என்பது அந்நாளைய நம்பிக்கை. டர்ன்புல் வேறு விதமாகச் சிந்தித்தார். உலோகத்தில் ஆயிரம் தூசுகள் இருப்பதாகக் கொள்வோம். அதையே பத்து லட்சம் துளிகளாகச் சிதறவிட்டால், பெரும்பாலான துளிகளில் தூசு ஒன்றுகூட இராதல்லவா? அவ்வாறே 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்து பார்த்தார். துளிகள் நூற்றுக்கணக்கான டிகிரி குளிர்ந்தும் திரவமாகவே நின்றன. பாரன்ஹீட்டின் குமிழில் நிகழ்ந்தது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஆனால் அந்நாள்வரை கருவைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. அது மிகச் சிறியது; கணத்தில் தோன்றி மறைவது. அதைக் காண்பதற்குக் கணிப்பொறி என்ற புதிய கண் தேவைப்பட்டது. 1927-இல் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், அமெரிக்காவில் ஆர்கான் ஆராய்ச்சிச் சாலையில் பணிபுரிந்தபோது, 1964-இல் 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணிப்பொறியில் தொடர்ந்து காட்டினார். ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறுதான் அவர் எடுத்துவைத்த ஒவ்வோர் அடியும்! 1976-இல் மாண்டெல், மெக்டேக் ஆகியோருடன் சேர்ந்து, குளிர்ந்த திரவத்திலிருந்து படிகம் பிறப்பதையும் அதே முறையில் ஆராய்ந்தார்.

இம்முறையில் பெரியதோர் இடையூறு உண்டு. கரு பிறப்பது மிக அரிய நிகழ்ச்சி. அதற்காகக் கணிப்பொறி காத்திருக்கும் காலம் அளவற்றது. 2002-இல் ஜப்பானில் மாட்சுமோட்டோ குழுவினர் 512 நீர் மூலக்கூறுகளைக் கணிப்பொறியில் விட்டு, அவை தாமாகவே உறையும்வரை பொறுமையுடன் காத்திருந்து வென்றார்கள். காத்திருக்க விரும்பாதவர்களுக்கு 1977-இல் டோரியும் வால்லோவும் வேறொரு வழி காட்டியிருந்தார்கள். அரிய நிலைகளின் பக்கமாக அமைப்பைச் செயற்கையாகத் தள்ளி, அத்தள்ளலின் விளைவைப் பின்னர்க் கணக்கில் கழித்துவிடுவது அவ்வழி. குடை முறை என்று அதற்குப் பெயர். 1995-இல் ஆம்ஸ்டர்டாமில் டென் வோல்டே, ரூயிஸ் மோன்டெரோ, ஃபிரெங்கல் ஆகிய மூவர் இதைக் கொண்டு கருவின் உள்ளமைப்பைப் பார்த்தார்கள். கருவின் நடுவே அணுக்கள் ஒரு விதமாகவும், விளிம்பில் வேறு விதமாகவும் அடுக்கப்பட்டிருந்தன! கரு என்பது பெரிய படிகத்தின் சிறிய துண்டு அன்று என்பது அப்போது வெளிப்படையாயிற்று.

இனி, இவ்வரலாற்றின் வியப்பான பகுதி. ஒன்றையொன்று இழுக்காமல், ஒன்றினுள் ஒன்று நுழையாமல் இருப்பது ஒன்றே விதியாக உள்ள கடினக் கோளங்களும் நெருக்கினால் படிகமாகும் என்பதை 1957-இல் ஆல்டரும் வெய்ன்ரைட்டும் கணிப்பொறியில் கண்டிருந்தார்கள். திரவத்தில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள் ஏறக்குறைய அவ்வாறே நடந்துகொள்வதை 1986-இல் பியூசியும் வான் மெகனும் சோதனையில் காட்டினார்கள். 2001-இல் அவர், ஃபிரெங்கல் ஆகியோர் இக்கோளங்களில் கரு பிறக்கும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். இங்கு அவர் என்பது விஞ்ஞானி ஒருவரின் பெயர்; தமிழில் எழுதும்போது சற்று மயக்கம் தருகிறது. நெருக்கம் மிகுந்தபோது கணக்கு சோதனைக்கு அருகில் வந்தது. நெருக்கம் குறைந்த இடத்திலோ, சோதனையில் கண்ட வேகம் கணக்கைவிடப் பல கோடி மடங்கு அதிகமாக இருந்தது.

கணக்கிட்ட முறையில் குறை இருக்குமோ என்று ஐயுற்று, 2010-இல் நெதர்லாந்தில் ஃபிலியோன் குழுவினர் மூன்று வெவ்வேறு முறைகளால் திரும்பக் கணக்கிட்டார்கள். மூன்றும் தம்முள் ஒத்தன, சோதனையுடன் ஒவ்வவில்லை. உருண்டைகள் மெல்லக் கீழே படிவதே வேற்றுமைக்குக் காரணம் என்பர் சிலர். அவற்றின் பருமன் முற்றும் சமமாக இல்லாமையே காரணம் என்பர் வேறு சிலர். சுற்றியுள்ள திரவத்தின் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பாரும் உளர். எல்லோரும் ஒப்பும் விளக்கம் இன்னும் கிட்டவில்லை. படிகமாகும் பொருள்களிலெல்லாம் மிக எளியது இதுவே என்று எண்ணித்தான் இக்கோளங்களை விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.