தொலைக்கல்வியில் விஞ்ஞானச் செய்முறை: ஒரு வரலாற்று நோக்கு

நூலைத் தபாலில் அனுப்பலாம். விரிவுரையை வானொலியிலும் இணையத்திலும் அனுப்பலாம். ஆய்வுகூடத்தை எவ்வாறு அனுப்புவது? தொலைக்கல்வி தோன்றிய காலந்தொட்டு விஞ்ஞான ஆசிரியரை வருத்திவந்த வினா இதுவாகும்.

1858ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகம், எங்கு கற்றவராயினும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என வாயிலைத் திறந்தது. கொழும்பில் 1921இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, அப்பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. ஊரிலிருந்தபடியே நூல்களைக் கற்றுக் கலைப் பட்டம் பெறுதல் இயல்வதாயிற்று. விஞ்ஞானத்துக்கோ ஆய்வுகூடம் உள்ள நகரை நாடவேண்டியிருந்தது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தபால்வழிக் கல்வியைத் தொடங்கியபோதும் கலைப் பட்டத்திலிருந்தே தொடங்கியமை இங்கு நோக்கத்தக்கது.

இத்தடையைத் துணிந்து எதிர்கொண்டது பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் ஆகும். 1971இல் கற்பித்தலைத் தொடங்கிய அது, விஞ்ஞான மாணவருக்குப் பரிசோதனைப் பெட்டிகளைத் தபாலில் அனுப்பியது. மக்காதர் என்பவர் வகுத்த அமைப்பில் பிளாத்திக்கினால் ஆக்கப்பட்ட சிறிய நுணுக்குக்காட்டியும் அவற்றுள் ஒன்று. சமையலறை மேசை ஆய்வுகூடமாயிற்று. எனினும் பெட்டி மாத்திரம் போதுமென அப்பல்கலைக்கழகம் கருதவில்லை. கோடை விடுமுறையில் ஒரு வாரம் மாணவர் ஓரிடத்திற் கூடி ஆய்வுகூடத்திலும் வெளிக்களத்திலும் பயில ஒழுங்கு செய்தது.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நிறுவப்பட்டது. நாவலையில் அதன் தலைமை வளாகம் அமைந்தது. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் அத்தொலைவு கிலோமீற்றரால் அளவிடக்கூடியதாக இருக்கவில்லை. செய்முறை வகுப்பொன்றுக்குச் செல்லுதல் பயணச் செலவை மாத்திரமன்றி உயிரச்சத்தையும் உட்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, வளாக மாணவரும் தொலைக்கல்வி மாணவராயினர். பழைய வினா அனைவருக்கும் பொதுவாயிற்று.

இவ்வரலாற்றில் ஒரு போக்குத் தெளிவாகின்றது. ஆய்வுகூடத்தை மாணவனிடம் கொண்டுசெல்வதிலேயே பெரிதும் கருத்துச் செலுத்தப்பட்டது. மாணவனைச் சூழவுள்ள நிலமே ஆய்வுகளமாதல் கூடும் என்பது போதியளவு எண்ணப்படவில்லை.

திருகோணமலை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே உள்ளன. அவற்றின் வெப்பநிலை கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். அதனை அறிய ஒரு வெப்பமானி போதும். புல்மோட்டைக் கரைமணலில் இல்மனைற், றூட்டைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் கலந்துள்ளன. வலிய காந்தம் இல்மனைற்றை ஈர்க்கும், ஏனையவற்றை ஈர்க்காது. ஆலையில் இல்மனைற் பிரிக்கப்படும் தத்துவமும் இதுவே. நிலாவெளிக்கு அப்பால் 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாமலையில் முருகைக்கற் பாறைகளைக் காணலாம். தெற்கே வெருகற் பிரதேசத்தில் இலங்கைத்துறை முகத்துவாரம் உள்ளது. பெயரே சுட்டுவதுபோல அங்கு உள்நாட்டு நீர் கடலோடு கலக்கின்றது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. முகத்துவார நீரை அளந்து வற்றவைத்து எஞ்சும் உப்பை நிறுத்தால், வடகீழ்ப் பருவமழையின் போதும் கோடையிலும் கடல் எவ்வளவு உட்புகுகின்றது என்பது புலனாகும்.

இங்குத் தொலைக்கல்விக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. ஒரே நாளில் மன்னாரிலும் மாத்தறையிலும் இலங்கைத்துறையிலும் உள்ள மாணவர் ஒரே முறையில் நீரை அளந்து பதிவுசெய்வாராயின், ஒரு வளாக மாணவர் தனித்துத் திரட்டமுடியாத அட்டவணை கிடைக்கும். சிதறியிருத்தல் குறையன்று, வளமாகும்.

நுண்கருவி வேண்டும் ஆய்வுகளுக்கு ஆய்வுகூடம் என்றும் இன்றியமையாதது. கடலில் இறங்குவோர்க்கு வழிகாட்டியும் காவலும் தேவை. ஆயினும் நாவலைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் ஒரு மாணவி விஞ்ஞானத்தைக் கைவிட நேருமாயின், அவள் வீட்டெதிரே உள்ள முகத்துவாரத்தைப் பாடத்திட்டம் காணத் தவறியதும் அதற்கு ஒரு காரணமேயாம்.