ஏழரைக் கட்டை இல்லாத பெட்டி

ஆண்டிறுதியில் பள்ளியின் பொருட்கணக்கை எடுப்பது தலைமையாசிரியர்களுக்கு வாய்த்த தவங்களுள் ஒன்று. நாற்காலிகளை எண்ணி, கால் உடைந்தவற்றைத் தனியே எண்ணி, எண்ணிக்கை பதிவேட்டோடு ஒத்துவராதபோது மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டும். சென்ற ஆண்டு அவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தபோது, விளையாட்டுப் போட்டிக் கொடிகளுக்கும் பழைய உலக உருண்டை ஒன்றுக்கும் அடியில் ஓர் ஆர்மோனியப் பெட்டி அகப்பட்டது. பதிவேட்டில் அதற்கு ஒரே வரி: ‘இசைக்கருவி - 1 - பழுது’. கழித்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டார். காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டியவன் நான். படிவத்தில் காரணத்திற்கு ஒதுக்கிய இடம் போதாமையால் எழுந்ததே இக்கட்டுரை எனலாம்.

ஆர்மோனியம் நம் மண்ணில் பிறந்த கருவியன்று. 1840களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பார் அதற்கு உரிமம் பெற்றார். நாற்காலியில் அமர்ந்து, இரு கால்களாலும் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்கும் பெரிய பெட்டி அது. கிறித்துவச் சமயப் பணியாளர்கள் அதனை இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். நம்மவரோ தரையில் சம்மணமிட்டுப் பாடுகிறவர்கள். காலை மடக்கி அமர்ந்தவர் எதனை மிதிப்பது? கல்கத்தாவில் இசைக்கருவி வணிகம் செய்த துவாரகநாத் கோஷ் 1875ஆம் ஆண்டையொட்டி அதற்கு வழி கண்டார். துருத்தியைப் பெட்டியின் முதுகுக்கு மாற்றி, இடக்கையால் காற்றடித்து வலக்கையால் வாசிக்குமாறு அமைத்தார். கால்கள் போயின, பெட்டி மடியளவுக்குச் சுருங்கியது, தலையில் வைத்துத் தூக்கிச் செல்லும் பொருளாயிற்று. ஊர் ஊராகச் சென்ற நாடகக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வழிவந்த தமிழ் நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். நடிகருக்குச் சுருதி கொடுப்பார். மூச்சுவாங்கும் இடத்தில் தாமே பாடி நிரப்புவார். 27 வயதிற்குள் புகழின் உச்சியைத் தொட்டு 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய தமையனார் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தார். ஒலிபெருக்கி பரவாத அந்நாளில் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டுமாயின் உச்சத்தில் பாடியாக வேண்டும். ‘எத்தனை கட்டையில் பாடுவார்?’ என்று கேட்பது நடிகரை அளக்கும் அளவுகோலாயிற்று.

இக்‘கட்டை’ என்னும் சொல்லில் சற்று நிற்பது தமிழாசிரியர்களுக்குத் தகும். பெட்டியின் மேற்புறத்தில் விரல் படும் மரத்துண்டுகளே கட்டைகள். வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண். இரண்டு வெள்ளைகளுக்கு நடுவே கறுப்பு வந்தால் அஃது அரை: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்பு இல்லை. ஆகவே மூன்றரைக் கட்டை என்பதில்லை. ஏழுக்குப் பிறகும் கறுப்பில்லை. ‘ஏழரைக் கட்டையில் கத்தாதே’ என்று நாம் மாணவரை அதட்டுகிறோமே, அப்படி ஒரு கட்டை எந்தப் பெட்டியிலும் கிடையாது. ஏழரை சனீசுவரனுக்கு மட்டுமே உரியது. கட்டைக்குரல் என்பதில் வரும் கட்டை வேறு. அது குரலின் தடிப்பைக் குறிப்பது. இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது.

என் தந்தையார் பெட்டியில் இவ்வெண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார். காலையில் பால்மரம் சீவிய கை, வெள்ளிக்கிழமை மாலைகளில் தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் துருத்தி அடிக்கும். அவருக்குச் சுரம் எழுதத் தெரியாது. வானொலியில் இருமுறை கேட்டால் மூன்றாம் முறை பெட்டியில் வரும். பெண்கள் பாட எழுந்தால் ஐந்து அல்லது ஐந்தரை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. ஒருமுறை மழைக்காலத்து ஈரத்தில் மூன்றாம் கட்டை உள்ளே அமுங்கியது, எழவில்லை. துருத்தி அடிக்குமளவும் அது ஓயாமல் ஒலித்தது. தந்தையார் கலங்கினாரல்லர், அதனையே சுருதியாக வைத்துக்கொண்டு பஜனையை நடத்திவிட்டார். ஆண்களும் மூன்று கட்டைக்கு ஏறிப் பாட நேர்ந்தது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் தண்டலுக்குக் குரலே எழும்பவில்லை. அன்று பெயர் கூப்பிடாமலே தோட்டம் வேலைக்குப் போயிற்று.

பின்னர் நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றேன். அங்கு விரிவுரையாளர் ஒருவர் ஆர்மோனியத்தின் குற்றப்பத்திரிகையை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். குற்றம் பொய்யன்று. வீணையின் நரம்பை இழுத்தால் சுரம் வளையும், குரல் குழையும், நாகசுரத்தில் மூச்சாலும் விரலாலும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். ஆர்மோனியத்தின் உள்ளிருக்கும் பித்தளை நாக்குக்கு ஒரே ஒலிதான் தெரியும். இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் அதற்கு வாய் இல்லை. கமகமே உயிராகிய இசைக்கு இது பெருங்குறையே. தாகூர் அதனைச் சாந்திநிகேதனிலிருந்து விலக்கினார். அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் எம். எஸ். விசுவநாதன் போன்றோர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து மெட்டமைத்த பாடல்கள் அதே வானொலியில் ஒலித்தன என்பது வேறு கதை. பெட்டிக்கு வாசலில் தடை. பெட்டியின் பிள்ளைகளுக்கு இல்லை. அதனினும் வியப்பு ஒன்றுண்டு. ஆர்மோனியத்தைப் பக்கத்தில் சேர்க்காத கர்நாடக இசை வித்துவான்களும் தம் சுருதியைச் சொல்லும்போது ‘ஒன்றரைக் கட்டை’ என்றே இன்றளவும் சொல்கிறார்கள்.

இவ்வியப்பெல்லாம் எனக்குப் பின்னாளில் தோன்றியவை. அன்று எனக்குத் தெரிந்தது குற்றப்பத்திரிகை மட்டுமே. 1990ஆம் ஆண்டு விடுமுறையில் வீட்டிற்கு வந்தவன், பஜனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தந்தையாரை நிறுத்தி, அது வெள்ளைக்காரன் பெட்டி என்பதையும், கமகம் பேசாது என்பதையும், வானொலியே தடுத்து வைத்திருந்தது என்பதையும் ஆண்டு விவரங்களோடு எடுத்துரைத்தேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, “அப்படியா? மாரியம்மாளுக்கு இது தெரியுமா தம்பி?” என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆயினும் அன்று தந்தையார் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அவ்விடுமுறை முழுவதும், அதன்பின் வந்த விடுமுறைகளிலும், நான் வீட்டிலிருந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் பெட்டியைத் தொடவில்லை. நான் இல்லாத வெள்ளிகளில் வழக்கம்போல் வாசித்தார் என்பதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன், அதுவும் பல ஆண்டுகள் கழித்து.

எனக்கு முதல் பணி ஜொகூர் மாநிலத்தில் மூவார் வட்டாரத்தில் அமைந்தது. உடன் பணிபுரிந்த மலாய் ஆசிரியர் தம் தங்கையின் திருமணத்திற்கு அழைத்திருந்தார். பந்தலுக்குள் நுழையும்போதே தோட்டத்துக் கோயிலின் ஒலி கேட்டது. மேடையில் கஜல் குழுவினர்: வயலின், காம்புஸ், கித்தார், தபேலா, நடுவே முதியவர் ஒருவர் ஆர்மோனியத்தோடு. மலாய்ப் பாட்டின் நெளிவு சுளிவுகளுக்கெல்லாம் அந்தப் பெட்டி ஈடுகொடுத்தது. ஜொகூரின் மலாய் கஜலுக்கு ஆர்மோனியமும் தபேலாவும் உயிர்நாடி என்பதை அன்றுதான் அறிந்தேன். 1880களில் பினாங்கில் தோன்றிய பங்சாவான் நாடகமும் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து எழுந்ததே. கல்கத்தாவில் கால் இழந்த பெட்டி கடல் கடந்து, நம் கோயிலிலும் அவர்கள் பந்தலிலும் ஒரே சமயத்தில் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டது. வந்தேறி என்று அதனை இங்கே எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இடைவேளையில் அந்த முதியவரிடம் சென்று, என் தந்தையாரும் இதனை வாசிப்பார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பெட்டியை என் பக்கம் தள்ளி, வாசி என்று கைகாட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாது. தடை விதிக்கப்பட்ட ஆண்டு மட்டுமே தெரியும்.

அடுத்த தீபாவளிக்கு ஊர் சென்றபோது, வாசித்துக் காட்டுமாறு தந்தையாரை வேண்டினேன். “கை வரலே தம்பி” என்றார். சீவுளி பிடித்த விரல்கள் விறைத்திருந்தது உண்மை. அதுதான் காரணமா என்று நான் கேட்கவில்லை. பின்னர் தோட்டம் கைமாறியது. கோயில் இடம் பெயர்ந்தது. பெட்டி எந்த வண்டியில் ஏறிற்று என்பதைச் சொல்ல ஆளில்லை. தந்தையாரும் காலமானார்.

இப்போது பள்ளிப் பெட்டிக்கு வருகிறேன். எழுத்தர் படிவத்தோடு நின்றுகொண்டிருந்தார். தூசியைத் துடைத்து மூடியைத் திறந்தேன். துருத்தியின் ஒரு மடிப்பைக் கரப்பான் அரித்திருந்தது. அதனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு காற்றடித்தேன். ஒன்றாம் கட்டையை அழுத்தினேன், ஒலித்தது. இரண்டு ஒலித்தது. மூன்று அமுங்கியது, எழவில்லை. ஒலி ஓயாமல் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வகுப்பின் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் சன்னலில் வந்து தொங்கினார்கள். ஒரு சிறுமி, “ஐயா, அது ஏன் நிக்கவே மாட்டேங்குது?” என்று கேட்டாள்.

கழிவுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் ‘பழுது’ என்றிருந்ததை அடித்து, ‘மூன்றாம் கட்டை ஒட்டுகிறது’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தணிக்கையாளர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று எழுத்தர் இன்னும் கவலையாக இருக்கிறார்.