வெளியே தெரியும் கியர், உள்ளே ஒளியும் கியர்

கியர் சைக்கிளைப் பாகம் பாகமாகப் பொறுக்கித் தாமே கட்டுகிறவர்கள், அதைப் படம் எடுத்துக் காட்டுவதில் மகா கறாரானவர்கள். வண்டியின் வலப்பக்கம்தான் காமிராவைப் பார்க்க வேண்டும். செயின் முன்னால் பெரிய செயின்வீலிலும் பின்னால் மிகச் சிறிய பல்சக்கரத்திலும் கிடக்க வேண்டும். இரண்டு டயரின் வால்வும் ஒரே நிலையில் நிற்க வேண்டும். பின்னணியில் குப்பைத்தொட்டி தெரியக் கூடாது. ஒன்று தப்பினாலும் வண்டியை விட்டுவிட்டுப் படத்தைப் பற்றி வம்பு தொடங்கிவிடும். வலப்பக்க விதிக்குக் காரணம் எளிது. கியர் சாமான் எல்லாம் அந்தப் பக்கம்தான். அடுக்கிவைத்த பல்சக்கரங்கள், செயினை ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடும் டீரெய்லர், முன்னால் இரண்டோ மூன்றோ செயின்வீல். காசு போன இடம் அதுதானே, காட்டாமல் எப்படி?

அதே கூட்டத்துக்கு ஒருவர் ஹப் கியர் வண்டியோடு வருவார். முன்னால் ஒரே செயின்வீல், பின்னால் ஒரே பல்சக்கரம், நேர்கோடாக ஒரு செயின். தூரத்திலிருந்து பார்த்தால் பால்காரர் வண்டிதான். பின்சக்கரத்தின் நடுவில் ஹப் மட்டும் டப்பா மாதிரிப் பருத்திருக்கும். பதினான்கு கியரும் அதற்குள். சிறிய சூரியச் சக்கரம் ஒன்று, அதைச் சுற்றும் குட்டிச் சக்கரங்கள், அவற்றை வளைத்து உட்புறம் பல் வெட்டிய வளையம். இவற்றில் எதை அசையாமல் பூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். படத்தில் இதெல்லாம் தெரியாது. ஆகையால் அவர் படம் போட மாட்டார், வாதம் செய்வார்.

வழக்கு பழையது. 1902-இல் பிரான்சின் மலைச்சாலையில் நடந்த ஒரு சோதனைப் போட்டியில், மூன்று கியர் வண்டி ஓட்டிய மார்த் ஹெஸ் என்ற பெண், ஒரே கியரில் வந்த பந்தய வீரர் எடுவார் ஃபிஷரை முந்தினார். தூர் து பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஜுக்கு அது பிடிக்கவில்லை. கியரெல்லாம் நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு, தசைவலிமையால் ஜெயிப்பதே ஜெயிப்பு என்று வாதாடினார். தம் பந்தயத்துக்குள் டீரெய்லரை அவர் எளிதில் விடவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-இல்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. கடலுக்கு அப்பால் நாட்டிங்காமில் இந்தச் சச்சரவு எதுவும் இல்லை. 1902-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அங்கே ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் பிறந்து, ராலே வண்டிகளோடு கிளம்பியது. நடு கியர் நேரடி ஓட்டம். கீழ் கியரில் வேகம் கால் பங்கு குறையும், மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடும். அவர்களுடைய ஏ.டபிள்யூ. மாடலின் கணக்கு இது. பிரெஞ்சுக்காரர் கியரை மலைக்காக யோசித்தார், ஆங்கிலேயர் ஆபீசுக்குப் போவதற்காக யோசித்தார் என்பது என் கணிப்பு. இன்றைய சண்டையிலும் அந்த வாசனை போகவில்லை.

ஒப்பிட ஒரே மாதிரி 26 அங்குலச் சக்கரமுள்ள இரண்டு ஸ்டீல் ஃபிரேம்களை எடுத்துக்கொள்வோம். நெடும்பயணக்காரர்கள் அதிகம் கட்டுவது இந்த இரண்டு வகைதான். முதலாவதில் 44, 32, 22 பல் கொண்ட மூன்று செயின்வீல். பின்னால் 11 முதல் 34 பல் வரை ஒன்பது சக்கரங்கள். இரண்டாவதில் ஜெர்மனியின் காஸல் அருகே செய்யப்படும், 1998-இல் வெளிவந்த ரோலோஃப் ஸ்பீடுஹப். முன்னால் 38 பல், பின்னால் 16.

முதல் வண்டிக்காரர் இருபத்தேழு கியர் என்பார். எண்ணிப் பார்த்தால் அது பாதி வாய்ச்சவடால். 44-ஐ 26-ல் போட்டாலும் 22-ஐ 13-ல் போட்டாலும் ஒரே விகிதம்தான், புள்ளி பிசகாது. 44-க்கு 30-ம் 22-க்கு 15-ம் அப்படியே. 44-க்கு 34-ம் 22-க்கு 17-ம் அப்படியே. ஒரு செயின்வீல் மற்றொன்றின் சரிபாதியாக இருந்தால் வேறென்ன நடக்கும்? இதற்கு மேல் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறவை சில. செயின் குறுக்கே இழுபட்டுக் கிறீச்சிடுவதால் தொடக் கூடாதவை சில. கழித்தால் உருப்படியாக மிஞ்சுவது பதினைந்துக்குப் பக்கம். ரோலோஃபின் பதினான்கில் ஒன்றுகூட இரட்டை இல்லை. ஒவ்வொரு படியும் 13.6 சதவீதம், மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. இந்த இடத்தில் ஹப் கட்சிக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் ஏற்றத்தில் இரண்டுக்கும் பேதம் இல்லை. மிகக் கீழ் கியரில் நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் இரண்டு வண்டியும் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் போகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு ஏறுகிறவருக்கு அந்த வேகம் போதும். அதற்கும் கீழே போனால் வண்டி தள்ளாடும். மேல் முனையில் தொண்ணூறு சுற்றுக்கு ரோலோஃப் 39 கிலோமீட்டர் தரும், மூன்று செயின்வீல் வண்டி 45-ஐத் தொடும். மூட்டை கட்டிக்கொண்டு 45-ல் போகிறவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சண்டை வெட்டி.

ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும். சென்னையில் சிக்னல் திடீரென்று சிவப்பாகிறது, நீங்கள் பெரிய கியரில் வந்து நிற்கிறீர்கள். டீரெய்லர் வண்டியில் செயின் ஓடினால்தான் கியர் மாறும். பச்சை விழுந்ததும் எழுந்து நின்று மிதித்துக் கிளப்ப வேண்டும், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். ஹப் கியரில் நின்ற இடத்திலேயே பிடியைத் திருகினால் முடிந்தது. நகரத்தில் தினமும் ஓட்டுகிறவருக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஹப் கியரைச் சொல்லலாம். அதற்கு ரோலோஃப் வேண்டியதில்லை, ஷிமானோவின் ஏழு அல்லது எட்டு கியர் நெக்ஸஸ் தாராளம். செயினை முழுதாக மூடிக் கவசமும் போடலாம், வேட்டி மாட்டாது. ஒரே எச்சரிக்கை மழைக்காலத்துக்கு: ஹப் முங்கும் அளவுக்குத் தண்ணீரில் ஓட்டினால் உள்ளே போன நீர் கிரீஸைக் கெடுக்கும்.

ரோலோஃபிலும் ஒரு கோணல் உண்டு. அது உண்மையில் ஏழு கியர் பெட்டி; இன்னொரு குறைப்புப் பல்லிணையால் அது இரட்டிக்கப்படுகிறது. அதனால் கீழ் ஏழு கியர்களிலும் ஒரு கரகரப்பு, ஏழாவதில் அது உச்சம். 7-க்கும் 8-க்கும் நடுவே காலழுத்தம் தளர்த்தாமல் மாற்றினால் ஒரு கணம் பதினான்காவதில் விழுந்து கால் கல்லில் மோதின மாதிரி நிற்கும். பழகியவர்கள் அந்த இடத்தில் மிதியை லேசாக விட்டுப் பிடிப்பார்கள். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

பல்லோடு பல் உரசுவதால் ஹப்பில் வலு வீணாகிறது என்பது எதிர்க்கட்சியின் பிரம்மாஸ்திரம். 2001-இல் செஸ்டர் கைலும் ஃபிராங்க் பெர்ட்டோவும் அளந்து வெளியிட்டபோது, ஹப் கியர்கள் பொதுவாகச் சுமார் இரண்டு சதவீதம் பின்தங்கின. ரோலோஃப் தரப்பு மறுத்து எழுதியது. நான் அதில் நேரம் போக்க மாட்டேன். அளந்தது சுத்தமான டீரெய்லரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மழை நாளில் மணலும் உப்பும் தின்ற செயின் அந்த இரண்டு சதவீதத்தை எப்போதோ விழுங்கியிருக்கும்.

கெட்டுப்போகும் விதத்தில்தான் இரண்டும் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ரோலோஃபுக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அல்லது ஆண்டுக்கு ஒரு தடவை, எண்ணெய் மாற்ற வேண்டும். பின்சக்கரத்தின் இருபக்க ஸ்போக்கும் ஒத்த இழுவிசையில் இருப்பதால் சக்கரம் திடமாக நிற்கும். அபூர்வமாகத்தான் பழுதாகும். பழுதானால் திறந்து பார்க்க ஆள் இல்லை; சக்கரத்தைப் பிரித்து ஹப்பைத் தனியே எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விலையோ ஹப்புக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

டீரெய்லர் ஓயாமல் கெடும். பஸ் மேல் ஏற்றும்போது வலப்பக்கம் சாய்த்துப் போட்டால் அது தொங்கும் ஹேங்கர் வளைந்து எல்லாக் கியரும் குழறும். ஆனால் எது கோணலென்று கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்டீல் ஃபிரேமில் ஹேங்கரை ஆலன் கீயை மாட்டி மெல்ல நிமிர்த்திவிடலாம். டீரெய்லரே உடைந்து போனால் செயினைக் குட்டையாக வெட்டி ஒரே பல்லில் மாட்டி, அடுத்த ஊர்வரை ஒற்றைக் கியரில் மிதிக்கலாம். மலிவான கியர் சைக்கிள்கள் பரவியதால் நாமக்கல் பக்கத்துச் சின்னக் கடைக்காரருக்கும் ஏழு கியர் ஃப்ரீவீல் அந்நியமில்லை. சுமை ஏற்றித் தமிழ்நாட்டு மலைகளைச் சுற்றுவதற்கு வண்டி கட்டினால் நான் மூன்று செயின்வீலைத்தான் சொல்வேன்.

அந்த முடிவு எல்லா டீரெய்லருக்கும் பொருந்தாது. 2012-இல் ஸ்ராம் தொடங்கிவைத்த ஒற்றைச் செயின்வீல் மோகத்தில் மூன்று செயின்வீல் கடைகளிலிருந்து மறைந்துகொண்டு வருகிறது. இப்போது பின்னால் பன்னிரண்டு சக்கரம், 10 முதல் 52 பல் வரை. மொத்த வீச்சு 520 சதவீதம். ரோலோஃபின் 526-ஐக் கிட்டத்தட்ட எட்டிவிட்டது. ஆனால் 42-லிருந்து 52-க்குத் தாவும்போது படி 24 சதவீதம். ஏற்றத்தில், மூச்சு வாங்கும் நேரத்தில், காலின் தாளம் அங்கேதான் உடைகிறது. சக்கரங்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதால் ஹேங்கர் ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் போச்சு. அந்தச் செயினும் அந்தக் கேசட்டும் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்காது. கடைக்காரரே கைவிட்ட பிறகு, திறந்து கிடப்பதால் என்ன லாபம்? பன்னிரண்டு கியர் டீரெய்லரா ஹப்பா என்று கேட்டால், பணம் இருக்கும் பட்சத்தில், கட்சி மாறிப் பால்காரர் வண்டிப் பக்கம் போய் நிற்பேன்.