வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங்: மைக் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

கவர் சாங் பாடி யூடியூபில் போடணும்னு ஆசையா? சேர்த்து வெச்ச காசு மொத்தத்தையும் மைக்கில் கொட்டும் முன் ஒரு நிமிஷம். வீட்டு ரெக்கார்டிங் கெட்டுப்போக பல நேரம் காரணம் மைக் அல்ல, அறைதான்.

பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சல்ஸில் அவரது அண்ணன் ஃபின்னியாஸின் படுக்கையறையில்தான் பதிவானது. 2020-ல் அந்த ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையே வென்றது. ஆக, வீட்டு அறையிலும் நல்ல பதிவு சாத்தியம்தான்.

கண்டென்சரா, டைனமிக்கா?

கண்டென்சர் மைக் நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும். சிக்கலும் அதுதான். ஃபேன், ஹாரன், பக்கத்து வீட்டு குக்கர் விசில் எல்லாம் பாட்டோடு சேர்ந்து வரும். அமைதியான அறை இருந்தால் மட்டும் இதை வாங்கலாம்.

தெருவை ஒட்டிய வீடு என்றால் டைனமிக் மைக் நல்லது. வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடுவதால் வெளிச்சத்தம் அடங்கியே கேட்கும். மேடைகளில் பார்க்கும் உருண்டைத் தலை மைக்கான ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான். 1966-ல் அறிமுகமானது, இன்றும் விற்பனையில் இருக்கிறது.

யுஎஸ்பி மைக் போதுமா?

குரல் மட்டும் என்றால் போதும். நேராக லேப்டாப்பில் செருகிவிடலாம். கிட்டாரையும் குரலையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதியணும்னா, இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவை. அதில் கண்டென்சர் மைக்கை இணைப்பதாக இருந்தால், 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வசதி இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

ஹெட்போனில் கவனம்

காதை முழுசா மூடும் வயர் ஹெட்போன் வாங்குங்க. திறந்த வகையில் கரோக்கி இசை கசிந்து மைக்கில் ஏறிவிடும். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வருவதால் தாளம் தவறும்.

சாஃப்ட்வேருக்கு செலவு வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். பதியும்போது ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருந்தால், திடீர்னு உச்சஸ்தாயி போனாலும் ஒலி உடையாது.

முதலில் இதைச் செய்யுங்க

அறை நடுவில் நின்று கை தட்டுங்க. ஃபேனை நிறுத்திவிட்டு போனிலேயே நாலு வரி பாடிப் பதிவு செய்து கேளுங்க. எதிரொலி வருதா? மெத்தை, கனமான போர்வை, துணி நிறைந்த திறந்த அலமாரி பக்கம் மாறி நின்று மறுபடி பாடுங்க. வித்தியாசம் உடனே தெரியும். அறையைச் சரிசெய்த பிறகு மைக் கடைக்குப் போனால், குறைந்த விலை மைக்கே போதும்னு உங்களுக்கே தோணலாம்.