நெற்பயிரின் நோய் எதிர்ப்பில் ரெடாக்ஸ் சமிக்ஞை

பாக்டீரியா தாக்கும்போது பயிர் தன் செல்களில் நடக்கும் ஆக்சிஜனேற்ற, ஒடுக்க வினைகளையே எச்சரிக்கைச் செய்தியாக்கிக்கொள்கிறது. இதற்கு ரெடாக்ஸ் சமிக்ஞை என்று பெயர். பழனியை அடுத்த பாலசமுத்திரம் போல, பாலாறு பொருந்தலாறு அணையை ஒட்டிய நெல் வட்டாரங்களுக்கு இதை விளக்கத் தகுந்த நோய் பாக்டீரியா இலைக்கருகல். இலையோரம் அலையலையாக மஞ்சளித்து, வைக்கோல் நிறத்தில் காயும். காரணம் சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியா.

1884இல் ஜப்பானின் ஃபுகுவோக்கா உழவர்கள் இந்நோயைக் கண்டனர். இந்தியாவில் 1963இல் பீகாரில் பெருமளவில் பரவியது. தழைச்சத்து மிகுதியாக இட்டு வளர்த்த குட்டை ரகங்களில் அது மேலும் வலுத்தது.

பயிர் எப்படி எதிர்க்கிறது என்பதன் முதல் தடயம் உருளைக்கிழங்கில் கிடைத்தது. கருகல் நோய்க் கிருமியை எதிர்க்கும் கிழங்குத் திசு, சூப்பராக்சைடு என்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவத்தை உமிழ்வதை 1983இல் நோரியுகி டோக்கே காட்டினார். அதிலிருந்து உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிருமியைக் கொல்லும் நஞ்சு மட்டுமன்று, எதிர்ப்பைத் தூண்டும் செய்தியும்கூட என்று 1994இல் சோயா செல் ஆய்வு நிறுவியது.

அந்தச் செய்தியைப் படிப்பது யார்? இந்த வரலாற்றின் மிக அழகிய பகுதி இதுவே. அராபிடாப்சிஸ் செடியில் என்.பி.ஆர்.1 என்ற புரதம், கந்தகப் பிணைப்புகளால் கட்டுண்டு செல்லின் திரவப் பகுதியில் திரளாகக் கிடக்கிறது. நோய்த் தாக்குதலில் சாலிசிலிக் அமிலம் பெருகி, செல் ஒடுக்க நிலைக்குத் திரும்பும்போது பிணைப்புகள் அறுகின்றன. தனித்தனியான புரதங்கள் உட்கருவுக்குள் சென்று எதிர்ப்பு மரபணுக்களை இயக்குகின்றன. சின்னியன் டாங் குழு இதை 2003இல் வெளியிட்டது. நெல்லிலும் இதற்கு இணையான புரதம் உண்டு. அதை மிகுதியாக உண்டாக்கிய நெல் இலைக்கருகலை நன்கு தாங்கியது.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. நெல்லின் எக்ஸ்.ஏ.13 மரபணுவை அது முடுக்கிவிட, சாறேற்றக் குழாயிலிருந்து தாமிரம் அகற்றப்படுகிறது என்று சீன ஆய்வர்கள் 2010இல் கண்டனர். தாமிரம் ரெடாக்ஸ் வினையில் பங்கேற்கும் உலோகம்; இந்தப் பாக்டீரியாவுக்கோ நஞ்சு. அந்த முடுக்கத்துக்கு இணங்காத, இதே மரபணுவின் மாற்று வடிவமும் நெல்லில் உண்டு. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அதை மேலும் இரு எதிர்ப்பு மரபணுக்களுடன் சேர்த்து உருவாக்கிய மேம்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளிவந்தது. மருந்துத் தெளிப்பைவிட உறுதியான தீர்வு இத்தகைய ரகமே.

ரகம் எதுவானாலும் நாற்றின் நுனியைக் கிள்ளி நடக்கூடாது. காயத்தின் வழியே பாக்டீரியா புகும். யூரியாவைப் பிரித்து இட வேண்டும். நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சக்கூடாது.